அடித்துவிட்டு உட்காருகிறவன்

கருத்தப்பாண்டி பதினாறு வயதில் அடித்த பந்து ஒன்று இன்னும் கீழே இறங்கவில்லை என்று சாந்தன்பாறைப் பக்கத்தில் சொல்லுவார்கள். அது மிகை. இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் மே மாதம் ஏலச்செடிகளுக்கு மேலே நிழல் மரங்களைக் கவாத்து செய்தபோது, நாற்பதடி உயரத்தில் ஒரு கவட்டையில் உட்கார்ந்திருந்தது. கிழிசல் வழியாக ஒரு மைனா உள்ளே போய்க் குஞ்சு பொரித்திருந்தது. மரம் ஏறின ஆள், குஞ்சுகள் பறக்கிறவரை பத்து நாள் பொறுத்துத்தான் பந்தைக் கொண்டுவந்தான். அதைத் தைத்து மேலும் இரண்டு வருஷம் ஆடினார்கள்.

மற்றபடி அவன் பெரிய ஆட்டக்காரன் கிடையாது. ஓடினால் மூச்சு வாங்கும். பந்தைக் காலில் உருட்டிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் பந்து ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவார்கள். கையில் கொடுத்தால் மட்டும் வேறு ஆள். பந்தை இரண்டு கையாலும் முன்னே நீட்டி, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற பதனத்தில் நழுவவிட்டு, அது தரையைத் தொடுமுன் வலது காலால் ஒரு அடி. அவ்வளவுதான் தெரியும். அந்த ஒன்றுக்காகத்தான் கொழிஞ்சாம்பாறைக் குப்பண்ணன் அவனைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனார்.

குப்பண்ணனுக்கு அறுபது ஏக்கர் தென்னையும் ஒரு செவன்ஸ் டீமும் இருந்தன. டீமுக்குக் குப்பண்ணன் பிரதர்ஸ் என்று பேர். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. மார்கழியில் வயல் அறுத்ததும் தொடங்கி, வைகாசி மழை வருகிறவரை ஊர் ஊராக ஏழு பேர் ஆடும் பந்தயம். அந்தப் பக்கத்தில் ஆளை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; வெளியே போன பந்தைக் கோல் காக்கிற கோலி கையிலிருந்தே அடிக்கலாம். பந்து கோல்கோட்டைத் தாண்டி வெளியே போனதும் கோலி வெளியே வருவான், கருத்தப்பாண்டி உள்ளே போவான். ஒரு அடி. பந்து எதிராளியின் வாசலில் போய் இறங்கும். இவன் திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவான். ஒரு பந்தயத்துக்கு ஏழெட்டு அடி. மிச்ச நேரமெல்லாம் நாற்காலி.

வேலந்தாவளத்தில் ஒரு நாள் அடித்த பந்து எல்லை தாண்டித் தேங்காய் லாரியில் விழுந்து பொள்ளாச்சி மார்க்கெட் வரைக்கும் போனது. அங்கே அதையும் காயோடு காயாக ஏலத்தில் விட்டுவிட்டார்கள். எடுத்த வியாபாரி தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்லாத காயி" என்று திருப்பி அனுப்பியதாகக் கேள்வி.

குப்பண்ணனின் மகன் ரமேஷ்குமார் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை வீடியோவில் கூப்பிடுவான். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த கருத்தப்பாண்டியின் முன்னால் குப்பண்ணன் போனை நீட்டினார்.

"பாண்டி, இங்கயும் உங்களாட்டவே ஆளுக இருக்கறாங்க," என்றான் ரமேஷ்குமார். "இதுக்குன்னே சம்பளமுங்க. பன்ட்டர்னு பேரு. வருவான், ஒரு அடி அடிப்பான், போயி உக்காந்துக்குவான். ஒருத்தரும் அவனைச் சட்டை பண்ண மாட்டாங்க. தப்பா அடிச்சாத்தான் அவன் பேரே வெளிய தெரியும்."

"கோல் போடுவாருங்களா?"

"கோலா? அவன் சோலியே பந்தைக் குடுத்துட்டு வர்றதுதானுங்க."

பிறகு வாரா வாரம் வீடியோ அனுப்பினான். இரும்புக் கூண்டு மாட்டின தொப்பி, உரித்த தேங்காய் மாதிரிப் பந்து. எழுபதாயிரம் பேர் வேறு எங்கோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒருத்தன் தன்னந்தனியாக வலைக்குள் அடித்து அடித்துக் காலைச் சூடாக்கிக்கொண்டிருப்பான். பதினாறு வருஷம் ஆடி ஓய்வு பெறுகிற ஒருத்தன் மைக் முன்னால் பேச வந்து, பேசாமல் அழுததையும் அனுப்பியிருந்தான். கருத்தப்பாண்டிக்கு அந்த ஆளை ரொம்ப நாள் பழகின மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு கேட்டான்.

"சார், இவுக அம்புட்டு தூரம் அடிக்காகளே, அந்தப் பந்தை யாரு போய் எடுக்கது?"

ரமேஷ்குமார் சிரித்தான். "அந்தப் பக்கத்து ஆளுதானுங்க. அவன் வந்து புடிச்சுக்குவான். அவனுக்குன்னுதானே அடிக்கறது?"

கருத்தப்பாண்டி இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். "ஏனுங் தம்பி, கொழம்பு நல்லாயில்லீங்களா?" என்று குப்பண்ணன் வீட்டம்மா பின்னாலேயே வந்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அவனுடைய மலையில் சட்டம் வேறு. ஏலக்காய் ஸ்டோரை ஒட்டி மலையுச்சியைச் செதுக்கிப் போட்ட மைதானம் அது. ஒரு பக்கம் ஸ்டோர் சுவர், மற்ற மூன்று பக்கமும் சரிவு. சரிவுக்குக் கீழே ஏலக்காடு. அங்கே பந்து போனால் போனதுதான். ஆகவே மூன்று தலைமுறையாக ஒரே ஒரு விதி: அடித்தவன் எடுக்க வேண்டும். கங்காணி அடித்தாலும் கங்காணி இறங்க வேண்டும். ஒரு தரம் புது மேனேஜர் ஆசைக்கு ஒரு உதை விட்டுவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் அட்டைக் கடியோடு தேடினார். அவர் வருகிறவரை இருபது பேரும் பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

போன நவம்பரில், கருத்தப்பாண்டியின் அடியைப் பார்த்து டீமுக்கு எடுக்க, அந்த மைதானத்துக்குத்தான் குப்பண்ணன் ஆறு மணி நேரம் காரில் வந்தார். வழி கேட்டு அவர் கூப்பிடுவார் என்று, மைதானத்தை ஒட்டிச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஸ்டோர் மேட்டுப் பாறையில் கருத்தப்பாண்டி போனும் கையுமாக நின்றான். பதினொன்றே முக்காலுக்குப் போன் 'டிங்' என்றது. குப்பண்ணன் இல்லை. 'ஆனை வழி' என்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வனத்துறை வாச்சர் சகாயத்தின் குரல்: "எல்லாரும் கேளுங்க, ஸ்டோருக்குக் கீழ ஏலக்காட்டுல கொம்பன் ஒண்ணு நிக்கிது. யாரும் எறங்கிராதீங்க. கேட்டவுக கேக்காதவுகளுக்குச் சொல்லிவிடுங்க."

சொன்னால் மேட்ச் நடக்காது. குப்பண்ணன் வந்த வழியே திரும்பிவிடுவார். கருத்தப்பாண்டி குரலை நிறுத்திப் போனைப் பையில் போட்டான். கீழே மைதானத்தில் இருந்த யாருடைய போனிலும் சிக்னல் கிடையாது. யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று திறந்து பார்க்கச் சகாயத்துக்கும் தெரியாது.

பாதி ஆட்டத்தில் கருத்தப்பாண்டியின் ஆட்கள் மூன்று கோல் முன்னால் இருந்தார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. குப்பண்ணன் கோட்டோரமாக வந்து நின்று, "ஏனுங் தம்பி, முழுசா அடிச்சா எத்தனை தொலவு போவுமுங்க?" என்றார். கருத்தப்பாண்டி முழுசாக அடித்தான். பந்து எதிர்க் கோலைத் தாண்டி, மஞ்சுக்குள் புகுந்து, சரிவுக்குக் கீழே போயிற்று.

"அடேங்கப்பா! இங்க வாங்க தம்பி, சித்த பேசோணும்," என்றார் குப்பண்ணன்.

கருத்தப்பாண்டி சரிவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பெண்டுகளோடு நின்று கப்பைக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் இலையில் வைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி மாரீஸ்வரி சத்தம் போட்டாள்: "அண்ணே, நீ போய் எடுத்துட்டு வாயேன்! அவரு பேசிட்டிருக்காருல்ல?"

அவளுடைய அண்ணன் நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டினார். "நீ பேசு மாப்ள. நான் எடுத்தாரேன்."

கருத்தப்பாண்டிக்கு வாய் திறந்தது. ஒரு சொல்தான். ஆனை. அதற்குள் குப்பண்ணனின் டிரைவர் கார் டிக்கியிலிருந்து ஒரு புதுப் பந்தை எடுத்து உள்ளே எறிந்துவிட்டான். மலையில் ஆட்டம் தொடங்கின காலத்திலிருந்து அன்றைக்கு ஒரு நாள்தான் இரண்டாவது பந்து இருந்தது. காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆட்டம் நடந்தது.

எல்லாம் முடிந்து கப்பை சாப்பிடும்போதுதான் ஒரு இலை மிஞ்சியது. தேடிப் போனார்கள். நல்லதம்பி ஓடைக்குள் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் உலர்த்துகிற படுதாவில் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் சொன்னார்கள். உள்ளே எறும்பு குடித்தனம் வந்துவிட்டது என்று சொல்லி, ஏழாவது வாரம் நல்லதம்பியே ஏலக்கத்தியால் மாவுக்கட்டை அறுத்துவிட்டார். எலும்பு கோணலாகச் சேர்ந்தது.

இப்போது ஜூன். பந்தயக் காலம் முடிந்து கருத்தப்பாண்டி தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆயிற்று. மழை நிற்கவில்லை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால், ரகசியம் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேசினார்கள். முன்பெல்லாம் ஏலச்செடிக்கு மருந்தடிக்க அவனும் நல்லதம்பியும்தான் ஜோடி. ஒருத்தர் பம்பை அடிக்க, ஒருத்தர் குழாயைப் பிடித்துத் தட்டை தட்டையாக, ஒவ்வொரு ஏலத்தூராகப் போக வேண்டும். இப்போது நல்லதம்பி செபமாலையம்மாளின் சாயாக்கடைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அங்கே அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

"ஆனை எம்புட்டு உசரம்ங்க?" என்று பூப்பாறையிலிருந்து வந்த ஜீப் டிரைவர் கேட்டான்.

"உசரம் யாரு பாத்தா? நான் பாத்தது கால் நகம். ஒவ்வொண்ணும் இந்தச் சாயாக் கிளாஸ் தண்டி."

"போன வாரம் மொறம் தண்டின்னீரு," என்றாள் செபமாலையம்மாள், சாயாவை ஆற்றிக்கொண்டே.

"அது காது. நடுவுல பேசாத தாயி. தும்பிக்கையைத் தூக்கி வருது. நானும் பந்தைத் தூக்கிட்டேன். அது என்னையப் பாக்குது, நான் அதைப் பாக்கேன். 'ஏ கொம்பா, இது எங்க மாப்ள அடிச்ச பந்து, உனக்குத் தர முடியாது'ங்கேன். வெரட்டுது. ஏழு தட்டை தாண்டி ஓடுதேன். எட்டாவது தட்டையில சுத்தி வளச்சுப் புடிச்சுது பாரு காலை..."

"பந்து?"

"இன்னைக்கும் அதுகிட்டதான் இருக்கு. குட்டிக்கு வெளையாடக் குடுத்திருக்கு. வேணும்னா எங்க மாப்ளையக் கேளு. ஏன் மாப்ள?"

கடையில் எல்லாரும் திரும்பினார்கள். கருத்தப்பாண்டி கட்டன் சாயா கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "ஆமா," என்றான். ஒரு நாளைக்கு மூன்று ஆமா சொல்ல வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பான். மாரீஸ்வரியைத்தான் பார்க்க முடியவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அண்ணனுக்கு வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றினாள். களைக்காட்டிலிருந்து நனைந்து வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் எண்ணெய் தேய்த்தாள். செவ்வாயும் வெள்ளியும் பட்டினி. மீனைத் தொடுவதில்லை. ஏழு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது. பக்கத்து லயத்து ராசம்மாள், "ஏண்டி, ஆனை தள்ளிவிட்டதுக்கு நீ எதுக்குடி சோறு எறங்காமக் கெடக்க?" என்று கேட்டதற்கு, "ஆனை தள்ளல அக்கா. நான்தான் தள்ளுனேன். போண்ணேன்னு சொன்ன வாய் இந்த வாய்தான்," என்றாள். அந்த வாய்க்குத்தான் சோறு போடாமல் இருந்தாள்.

கருத்தப்பாண்டி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டான். அடித்தவன் எடுக்கவில்லை, இவள் எடுத்து வைத்துச் சுமக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தான். சொன்னால் இவள் தன்னோடு இருப்பாளா என்றும் நினைத்தான். இரண்டாவது நினைப்பு வந்ததும் முதல் நினைப்பு வெளியே மழையைப் பார்க்கப் போய்விடும். இப்படிப் பத்து நாள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மழை பலத்து, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நல்லதம்பியோடு சேர்த்து மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தார்கள். மாரீஸ்வரி கப்பையை வேகவைத்து வடித்து, இரண்டு தட்டில் மத்தி மீன் குழம்பு ஊற்றினாள். தன் தட்டில் உப்பும் மிளகாயும் மட்டும் வைத்துக்கொண்டாள். குப்பண்ணன் போன் பண்ணினார்.

"ஏனுங் தம்பி, அடுத்த சீசனுக்கு நீங்கதானுங்க. ஊட்டம்மாளையும் கூட்டியாந்துருங்க, தோப்பூடு சும்மாதானுங்க கெடக்குது. என்ன சொல்றீங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ளாற ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

அவன் போனை வைத்ததும் மாரீஸ்வரி சொன்னாள்: "நீங்க போங்க. நான் வரல."

"ஏன் புள்ள?"

"எங்கண்ணனை இப்பிடிப் போட்டுட்டு நான் எங்க வாரது? நான் சொல்லித்தான போச்சு. நான்தான் இருந்து பாக்கணும், சாகந்தண்டியும்."

"எனக்கு என்ன கொறச்சல்?" என்றார் நல்லதம்பி, மீன் முள்ளை எடுத்தபடி. "ராசா மாதிரி பெஞ்சில இருக்கேன். நீ போ தாயி. அங்க மழையில்ல, அட்டையில்ல."

"ஆனை இல்லைங்கியா?"

"ஆனை இருந்தாத்தான் என்ன, அதுகிட்ட எனக்கு இப்ப செல்வாக்கு இருக்கு."

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. கப்பைத் துண்டை மிளகாயில் தொட்டாள், வாய்க்குக் கொண்டுபோகாமல் திரும்ப வைத்தாள். அந்தத் துண்டு தட்டில் படுகிற சத்தம் மழைக்கு நடுவில் கருத்தப்பாண்டிக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது.

"நீ தள்ளல," என்றான்.

"என்னது?"

"நீ தள்ளலைங்கேன்!" மழைக்குக் கத்த வேண்டியிருந்தது. "கீழ ஆனை நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். சகாயம் போன்ல சொன்னான். நான் கேட்டேன். யார்ட்டயும் சொல்லல."

நல்லதம்பியின் கை தட்டில் நின்றது. மாரீஸ்வரி அவனையே பார்த்தாள்.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணே முக்கால்."

"எங்கண்ணன் எறங்குனது ரெண்டு மணிக்கு."

"ஆமா."

"ரெண்டே கால் மணி நேரம் பையில வச்சிருந்தீங்க."

"சொன்னா அவரு திரும்பிப் போயிருவாருன்னு..."

"நான் போண்ணேங்கும்போது பக்கத்துலதான நின்னீங்க? இல்ல புள்ள, நான் போறேன்னு ஒரு வார்த்தை? வேணாம், ஆனைன்னு ஒரு சொல்லு?"

"வாய் வரைக்கும் வந்துச்சு."

"வாய் வரைக்கும்." அவள் எழுந்தாள். அவன் தட்டை எடுப்பாள் என்று நினைத்தான். எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய், சட்டியிலிருந்த மீன் குழம்பைத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு மீன் சாப்பிட்டாள். முள்ளை எடுத்து எடுத்துத் தட்டோரத்தில் வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் குழம்பில் விழுந்தது. நிறுத்தாமல் சாப்பிட்டாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"மச்சான்," என்றான் கருத்தப்பாண்டி, "என்னைய ஏதாவது சொல்லுங்க. ரெண்டு அடியாவது அடிங்க."

நல்லதம்பி தட்டிலேயே கையைக் கழுவினார். சுவரில் சாய்ந்து, கோணல் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார்.

"ஆனை என்னைய வெரட்டல மாப்ள," என்றார். கத்தாமல்தான் சொன்னார். இருவரும் குனிந்து கேட்டார்கள். "கடையில சொல்லுததெல்லாம் சும்மா. அது என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. ஓடைக்கு அந்தாண்ட நின்னு ஈத்தை மூங்கிலை ஒடிச்சுத் தின்னுக்கிட்டிருந்துச்சு. நான்தான் கண்டதும் வெலவெலத்துப் போய்க் காலை வச்சேன், பாசி வழுக்கி உள்ள போயிட்டேன். அது சத்தத்துக்குக் காதை ஒருக்க ஆட்டுச்சு. அம்புட்டுத்தான். பெறவு அது பாட்டுக்குத் திங்கிது, நான் பாட்டுக்குக் கெடக்கேன். இந்தா, அடுப்படி இருக்குற தூரம்."

"கத்தியிருக்கலாமேண்ணே," என்றாள் மாரீஸ்வரி.

"கத்துனா அதுக்குத்தான் மொதல்ல கேக்கும். வாயில துண்டை வச்சுக்கிட்டேன். மேல ஆளுக கை தட்டுறது கேக்குது. சரி, பந்தைக் காணோம்னு இப்ப எட்டிப் பாப்பாகன்னு இருந்தேன். அடிச்சவன் வரணும்ல? அப்பத்தான் 'தும்'முனு ஒரு சத்தம். உன் காலு மாப்ள. இருவது வருசம் உன்கூட ஆடுனவன், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? பந்து நம்மகிட்ட ஒண்ணுதான, அது என் பக்கத்துல கெடக்கு. மேல எதை அடிக்கான்? வெளங்கல. பெறவு இன்னொரு தும். வலிக்கு வேற நெனப்பு வேணும்ல, எண்ணிக்கிட்டே கெடந்தேன். ஒம்பது."

கருத்தப்பாண்டி வலது காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.

"கடைசி அடி நல்லா விழுந்திருக்கணும். சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. சுத்தமா." நல்லதம்பி நிசமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி அவன் முகத்தைப் பார்த்தார். "அந்த ஒம்பதாவது எங்க போய் விழுந்துச்சு மாப்ள?"

மாரீஸ்வரியும் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

கருத்தப்பாண்டி யோசித்துப் பார்த்தான். பந்தைக் கையிலிருந்து விட்டது நினைவிருந்தது. கால் பட்டது நினைவிருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அது எங்கே போயிற்று என்று அவன் பார்க்கவில்லை. அடித்த கையோடு திரும்பிக் குப்பண்ணனின் முகத்தைத்தான் பார்த்திருந்தான்.